டிரிப் ஷீட்டில் விழாத ஒன்பதரை மணி நேரம்

சரசு விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு வரை போய்விட்டாள். உள்ளே விடுகிற காவலர் அவளுடைய டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் கைப்பையில் வைத்தவள், மூன்றாவதாக ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இது வேணாம்மா" என்று சிரித்தார்.

அது நான் எழுதிக் கொடுத்த டிரிப் ஷீட்.

சரசு என் மனைவி. கூடுவாஞ்சேரியிலிருந்து டொரன்டோவுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே எங்கள் ஒரே மகள் கவிதாவுக்கு முதல் பிரசவம். பிள்ளை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. சரசு அதற்கு முன் தனியாகப் போன அதிகபட்ச தூரம் கடப்பாக்கம், அவளுடைய அம்மா வீடு.

சென்ற வாரம், மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் நான் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்த அறையைப் பற்றி எழுதியிருந்தேன். கொஞ்சம் ஜம்பமாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது. 'உங்கள் கணக்கு ஒரு நாள்கூடத் தப்பியதில்லையா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தப்பியிருக்கிறது ஐயா. ஒரே ஒரு முறை. அது ஐந்து நிமிடம் பத்து நிமிடம் இல்லை.

நான்கு கட்டம்

டைம் கீப்பர் பஸ் ஓட்டமாட்டார், டிக்கெட்டும் கொடுக்கமாட்டார். வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டியும் நகராது.

எங்கள் டிரிப் ஷீட்டில் ஒவ்வொரு நடைக்கும் நான்கு கட்டம் உண்டு. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், தாமதத்துக்குக் காரணம், கடைசியாக டைம் கீப்பர் கையெழுத்து. காரணத்தைக் கண்டக்டர் எழுதுவார். ரயில்வே கேட், மழை, பஞ்சர், கோயில் ஊர்வலம் என்று எதுவும் இருக்கலாம். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டால் அந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சில கண்டக்டர்கள் 'டைம் கீப்பர் லேட்டாக விட்டார்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டதில்லை. அடித்து வேறு எழுதச் சொல்லுவேன். கண்டக்டர்கள் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் சரசு கடப்பாக்கம் போவதற்கு ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்கவேண்டும், எந்த வண்டி, எங்கே மாற வேண்டும், எப்போது சேருவாள் என்று எல்லாம் இருக்கும். அவள் அந்தப்படியே போய் அந்தப்படியே வந்தாள். பிறகு ரேஷன் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, தங்கை வீட்டு வளைகாப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் தாள் எழுதினேன். அவள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை, இப்போது யோசித்தால்.

நான் ஏன் போகவில்லை

கவிதா எங்கள் இரண்டு பேரையும்தான் கூப்பிட்டாள். நான் மூட்டுவலி என்றேன். வீட்டைப் பூட்டிப்போட முடியாது என்றேன். தண்ணீர் லாரி வரும் நாளில் ஆள் வேண்டும் என்றேன். எல்லாம் சப்பைக்கட்டு. உண்மைக் காரணம் பயம். ரோட்டில் எந்த வேகத்திலும் போவேன், தரையை விட்டு எழும்புகிற எதிலும் ஏறமாட்டேன். பாஸ்போர்ட்டுக்குக்கூட நான் விண்ணப்பிக்கவில்லை.

சரசுவுக்கும் பயம் இருந்திருக்கும். ஆனால் மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வீடியோவில் வந்து நின்றபோது, "நான் வரேன்டி" என்று உடனே சொல்லிவிட்டாள். எனக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவளுக்கு ஒரு நல்ல டிரிப் ஷீட் எழுதுவது.

டிப்போ கடிகாரம்

கவிதா அனுப்பிய டிக்கெட்டைக் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சென்னையில் காலை 9.30 புறப்பாடு. தோஹாவில் 11.30 சேர்க்கை. அங்கே வண்டி மாறி, மதியம் 2.00 புறப்பாடு. டொரன்டோவில் அதே நாள் இரவு 9.00 சேர்க்கை.

காலை ஒன்பதரைக்கு இரவு ஒன்பது. மொத்தம் பதினொன்றரை மணி நேரம். நடுவில் இரண்டரை மணி நேரம் காத்திருப்பு. ஆக ஓட்டம் ஒன்பது மணி நேரம்.

பக்கத்திலேயே பயண நேரம் நாலரை என்றும் பதினாலு என்றும் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன். அச்சடித்த ரன்னிங் டைமை எந்த டைம் கீப்பரும் நம்பமாட்டான். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஐம்பது நிமிடம் என்று அச்சில் இருக்கும். திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மேலே இருக்கிறவர்கள் வண்டியில் ஏறாமலே எழுதுகிற எண் அது. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் இரண்டும்தான் நிஜம். கழித்துப் பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

'அந்த ஊர் நேரம் வேறாச்சே' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அது எனக்கும் தெரியும். கவிதாவுடன் நாள் தவறாமல் பேசுகிறவன், நமக்குப் பகல் என்றால் அவளுக்கு ராத்திரி என்று தெரியாதா? ஆனால் டிக்கெட் என்பது டிரிப் ஷீட். டிரிப் ஷீட்டுக்கு ஒரே கடிகாரம்தான். எங்கள் டிப்போச் சுவரில் ஒரு பழைய கடிகாரம் இருந்தது, ஏழு நிமிடம் முந்தி ஓடும். எங்கள் வண்டி திருப்பதிக்குப் போனாலும் சரி, பாண்டிச்சேரிக்குப் போனாலும் சரி, திரும்பி வருகிற வரைக்கும் அந்த ஏழு நிமிடம் முந்திய கடிகாரம்தான் அதற்கு நேரம். வண்டி எந்த டிப்போவில் கிளம்புகிறதோ அந்த டிப்போ கடிகாரம். விமானம் சென்னையில் கிளம்புகிறது, ஆகவே எல்லாம் சென்னை நேரம். இதில் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை.

இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஏகாம்பரத்திடம் தாளைக் காட்டினேன். அவன் என்னோடு ஓய்வு பெற்ற டிரைவர், இரண்டு தெரு தள்ளி வீடு. நேர்கோட்டில் பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று கவிதா சொல்லியிருந்தாள். அதை ஒன்பதால் வகுத்தால் மணிக்கு ஆயிரத்து நானூறுக்கு மேல் வருகிறது, இது நடக்கிற காரியமா என்றேன். ஏகாம்பரம் யோசிக்கவேயில்லை.

"ஆகாசத்துல சிக்னல் கீதா, ஸ்பீட் பிரேக்கர் கீதா? மிதிச்சிகினே போவான் அண்ணாத்த."

இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபது வருஷ அனுபவம். அதற்கு மேல் யாரைக் கேட்பது?

திருவிடந்தை வரிசை

இப்போது ஒரு பழைய விஷயம் சொல்லவேண்டும்.

சரசுவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை. போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி ஆளைச் சாய்த்துவிடும்.

கவிதாவுக்கு வரன் அமையாமல் தள்ளிக்கொண்டே போன சமயம், திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குப் போனோம். மாலை சாத்தி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெண் ஒன்பது சுற்று வரவேண்டும். காலையிலேயே கிளம்பிவிட்டதால் சரசு மாத்திரையைக் கையில் கொண்டுவந்திருந்தாள். என் தாளில் எட்டரைக்கு மாத்திரை, ஒன்பதுக்கு நாஸ்தா என்று இருந்தது. எட்டரைக்கு நாங்கள் வரிசையின் நடுவில் நின்றோம். வரிசை நகரவில்லை.

"கொஞ்சம் பொறுத்து போட்டுக்கறேங்க. இது எப்ப முடியும்னு தெரியலியே" என்றாள் சரசு.

டைம் ஆகிவிட்டது, போடு என்றேன். போட்டாள். ஒன்பதேகாலுக்கு அவள் முகமெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, என் தோளில் சாய்ந்து அப்படியே சரிந்தாள். பின்னால் நின்ற யாரோ பிரசாதக் கல்கண்டை அவள் வாயில் போட்டார்கள். கண்ணைத் திறக்க எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் மட்டும் நான் வாட்சைப் பார்க்கவில்லை.

கவிதாவுக்கு அந்த வருஷமே வரன் அமைந்தது. அந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோய்ச் செலுத்தியும் ஆயிற்று. ஆனால் அந்த வரிசை என் மனதை விட்டுப் போகவில்லை.

எட்டே முக்கால் மாத்திரை

டொரன்டோ டிரிப் ஷீட்டை முழு வெள்ளைத் தாளில், கோடு போட்டு, நான்கு கட்டத்தோடு எழுதினேன். மதியம் ஒன்றுக்கு எலுமிச்சை சாதம். ஐந்துக்கு இரண்டு சப்பாத்தி. இரவு 8.45க்கு மாத்திரை. 9.00க்கு இறக்கம். மாப்பிள்ளை டிபன் பாக்ஸோடு வாசலில் நிற்பார், ஒன்பதேகாலுக்குச் சாப்பாடு. மாத்திரை டப்பா பெரிய பெட்டியில் போய்விட்டது. அந்த ஒரு வேளை மாத்திரையை மட்டும் பொட்டலம் கட்டிக் கைப்பையில் வைத்தேன்.

கீழே இரண்டு குறிப்பு எழுதி அடிக்கோடிட்டேன். ஒன்று, வாட்சில் கை வைக்காதே. இரண்டு, வழியில் கொடுப்பது எதையும் சாப்பிடாதே. ஹைவே மோட்டல் சாப்பாட்டை முப்பது வருஷம் பார்த்தவன் நான்.

அவளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மதியம் தூங்கினேன். சாயங்காலம் ஏகாம்பரம் வந்து டீ குடித்துவிட்டுப் போனான். இரவு ஒன்பதுக்குப் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்பது ஐந்துக்கு நானே கவிதாவுக்கு அடித்தேன். அம்மா இறங்கிவிட்டாளா என்று கேட்டேன்.

"என்னப்பா நீங்க, இப்பத்தானே மணி பதினொன்றரை. அம்மா ஃப்ளைட்டு ராத்திரி ஒம்போதுக்குத்தானே வருது."

"ஒம்போது ஆயிடுச்சேம்மா."

"இங்க ஒம்போதுப்பா."

ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். மொத்தம் இருபத்தொரு மணி நேரப் பயணம், அம்மா வந்து சேரும்போது உங்களுக்கு நாளைக் காலை ஆறரை ஆகியிருக்கும் என்றாள். நான் சரிம்மா, சரிம்மா என்று வைத்துவிட்டேன். மாத்திரை விஷயத்தைச் சொல்லவில்லை. நிறைமாதக்காரியிடம் எப்படிச் சொல்வது?

மணி ஒன்பது பத்து. எட்டே முக்காலுக்கு மாத்திரை போட்டிருப்பாள். சப்பாத்தி ஐந்து மணிக்கே தீர்ந்திருக்கும். கொடுப்பதைச் சாப்பிடாதே என்று அடிக்கோடு போட்டது நான்தான். இன்னும் ஒன்பதரை மணி நேரம். திருவிடந்தையில் முக்கால் மணி நேரத்துக்கே சரிந்தவள். அங்கே தோள் கொடுக்க நானாவது இருந்தேன்.

ஏகாம்பரத்துக்குப் போன் செய்து, கணக்கு தப்பிவிட்டது என்று முழுசாகச் சொன்னேன்.

"அண்ணி வெவரமானவங்க அண்ணாத்த. நீ எழுதினதயே பாத்துகினு குந்திகினு இருப்பாங்களா இன்னா?"

முப்பத்தொரு வருஷமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள் என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

ஒரு வண்டி வரவில்லை என்றால் அடுத்த ஸ்டாப்புக்குப் போன் போடுவேன், எதிரே வருகிற டிரைவரைக் கேட்பேன், இல்லையென்றால் ஜீப் எடுத்துக்கொண்டு கிளம்புவேன். இந்த வண்டிக்கு அடுத்த ஸ்டாப் இல்லை. அன்று இரவு நான் படுக்கவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறையாத வெயில்

காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. சரசுதான்.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை என்னாயிற்று என்று மட்டும் கேட்டேன்.

"இப்பத்தான் போட்டேன்."

"எட்டே முக்காலுக்குப் போடலியா?"

"ஜன்னலாண்ட வெயிலு அடிச்சிகினே இருந்துச்சு. வெளக்கு வெக்கிற நேரமே வர்ல. ராத்திரி மாத்திரய எப்புட்றா போடறதுன்னு வுட்டுட்டேன்."

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் சரசு விளக்கேற்றுவாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு ராத்திரி. வாட்ச் எட்டே முக்கால் காட்டியதாம். வெளியே மத்தியான வெயில். விமானம் மேற்கே பறந்துகொண்டே இருந்ததால் பொழுது சாயவேயில்லை. வாட்சும் வெயிலும் ஒத்துப்போகவில்லை. அவள் வெயிலை நம்பினாள். தோஹாவில் இறங்கும்போதே வாட்ச் என் தாளுக்கு இரண்டரை மணி நேரம் தாமதம் காட்டியதாம். அடுத்த விமானமும் அதே அளவு பிந்திக் கிளம்பவே, இரண்டும்தான் லேட் என்று அப்போது நினைத்தாளாம்.

"ஃப்ளைட்ல குடுத்தத சாப்ட்டேன். ரெண்டு வாட்டி" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

கவிதா விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. ஏறினதை இறக்கிக்கொள்ளலாம். மூன்று வாரம் கழித்துப் பேத்தி பிறந்தாள், தாயும் பிள்ளையும் சுகம்.

தாளின் பின்பக்கம்

ஆறு மாதம் கழித்துச் சரசு திரும்பி வந்தாள். வந்த அன்று சாயங்காலம், பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்தாள். எனக்கு ஒரு கம்பளிக் குல்லாய், ஏகாம்பரத்துக்கு ஒரு டப்பா சாக்லேட், பேத்தி போட்டுக் கழித்த ஒரு ஜோடி சின்ன சாக்ஸ். கடைசியாக நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். கண்டக்டர் நடை முடிந்து ஷீட்டை ஒப்படைக்கிற மாதிரி.

என் டிரிப் ஷீட். முன்பக்கம் என் எழுத்து. பின்பக்கம் முழுக்க அவள் எழுத்து. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் பேனா வாங்கி எழுதினாளாம். சரசு கோலக் கணக்கும் பால் கணக்கும் தவிர எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

8.45. வெயில் அடிக்குது. மாத்திரை போடல.

9.00. இப்ப எறங்கணும்னு எழுதியிருக்கு. கீழ மேகம்தான் தெரியுது.

10.20. எல்லாரும் ஜன்னல மூடிட்டுத் தூங்கறாங்க. நான் ஒரு விரக்கடை தெறந்து வெச்சிருக்கேன்.

12.00. சாதமும் பன்னீரும் குடுத்தாங்க. சாப்ட்டேன். இனிப்பு பாதி.

1.30. முன்னாலேந்து பின்னால வரைக்கும் நாலு வாட்டி நடந்தேன். எங்க போறேன்னு யாரும் கேக்கல.

3.00. கீழ எல்லாம் வெள்ளையா கெடக்குது. பனியாம். அவர் இருந்தா எத்தன கிலோமீட்டர்னு கேட்டிருப்பாரு.

6.10. பொழுது சாயுது. மனசுல வெளக்கு வெச்சேன்.

இரண்டு தடவை படித்தேன். என் கணக்கில் விழாத ஒன்பதரை மணி நேரம் அது. அதில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்து உட்கார்ந்திருக்கவும் இல்லை. எழுந்து நடந்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள், ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கிறாள். அவளை நான் பத்திரமாக வைத்திருந்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்காக அப்போது வெட்கப்பட்டேன்.

"முன்னாடியும் பாருங்க" என்றாள் சரசு.

திருப்பினேன். நான் காலியாக விட்டிருந்த மூன்றாவது கட்டத்தில், தாமதத்துக்குக் காரணம் என்பதற்கு நேரே, ஒரே வரி எழுதியிருந்தாள்.

டைம் கீப்பர் வண்டியில் ஏறவில்லை.

நான் தலையைத் தூக்கவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கோபமாக நிற்கவில்லை, சிரித்துக்கொண்டும் நிற்கவில்லை. கண்டக்டர்கள் நிற்கிற மாதிரி, காத்துக்கொண்டு நின்றாள்.

"அடிச்சு வேற எழுதச் சொல்லப் போறீங்களா?"

இல்லை என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்து அதற்கு அடுத்த வாரம்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரம் எழுதவேண்டும், அது விதி. அவள் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்தேன். அங்கே போய் மாற்றி வைத்ததை அவள் இன்னும் திருப்பி வைக்கவில்லை, டொரன்டோ நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. வண்டி எந்த டிப்போவில் கிளம்பியதோ அந்த டிப்போ கடிகாரம்தான். அந்த நேரத்தையே எழுதினேன்.